வேட்டைக்கு மாற்றிய பழைய லீ-என்ஃபீல்டுக்குக் கையால் தோட்டா அடைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உபரியாக விற்கப்பட்ட லீ-என்ஃபீல்டு ரைஃபிள்கள் கனடாவில் பல வீடுகளில் இன்றும் மான் துப்பாக்கியாக வேலை செய்கின்றன. முன்கட்டையைப் பாதியில் அறுத்து, மேல்கட்டையைக் கழற்றி எறிந்து, சிலவற்றில் குழலையும் குட்டையாக்கி, அன்றைக்கு யாரோ ஒருவர் எடை குறைந்த வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் செய்துகொண்டார். அது இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது, குறி சிதறுகிறது, அதற்கேற்ற தோட்டாவை நீங்களே அடைத்துப் பார்க்க நினைக்கிறீர்கள். இந்தப் பக்கம் உங்களுக்கானது. இதில் குண்டு என்பது பறந்து போகும் ஈயமும் செம்பும். உறை என்பது பித்தளைக் கூடு. மருந்து என்பது புகையில்லா வெடிமருந்து. பிரைமர் என்பது உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. இவை எல்லாம் சேர்ந்தது தோட்டா. கிரெயின் என்பது குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறு எடையளவு.

எந்த ரைஃபிளைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் 4ஆம் எண் லீ-என்ஃபீல்டு. அதற்கு மூத்ததான 1ஆம் எண் மார்க் 3-க்கும் இங்குள்ளவற்றில் முக்கால் பங்கு பொருந்தும். இந்தியக் காவல்துறையின் தோளில் பல தலைமுறைகளாகத் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’ குடும்பம்தான் இது. குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்காட்லாந்தில் பிறந்து ஒன்டாரியோவில் வளர்ந்தவர். டொரன்டோவை ஒட்டிய லாங் பிராஞ்ச் ஆலையில் போர்க்காலத்திலும் பிறகுமாக 4ஆம் எண் ரைஃபிள்கள் ஏறத்தாழ 9 லட்சம் செய்யப்பட்டன. 1947இல் தொடங்கிய கனடிய ரேஞ்சர்கள் படை வடதுருவப் பகுதியில் இதே ரைஃபிளைத்தான் எழுபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தது; 2018 வாக்கில்தான் புதிய சி-19 ரைஃபிள் அதன் இடத்துக்கு வரத் தொடங்கியது. ஆகவே பழைய ரைஃபிள்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

இதனிடம் எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம்?

போர்க்காலத்தில் நன்றாகச் சுட்டவற்றைப் பொறுக்கி ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் குறிபார்ப்பு ரைஃபிள்களாக மாற்றியது. அவற்றுக்கு வைத்த தேர்வே 200 கஜத்தில் ஏழு குண்டுகளும் 5 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான். அதாவது 100 கஜத்தில் இரண்டரை அங்குலம். பொறுக்கியெடுத்த ரைஃபிளுக்கு இது போதும் என்றால், அறுத்துக் கட்டிய உங்கள் ரைஃபிள் 100 கஜத்தில் இரண்டு அங்குலம் தந்தாலே நல்ல ரைஃபிள். ஒன்றரை அங்குலம் தந்தால் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். ஒரு அங்குலத்துக்குக் குறைவு என்று பெருமை பேசுபவரிடம், மூன்று குண்டா, ஐந்து குண்டா, எத்தனை தாள்களில் ஒரு தாள் என்று கேட்டுப் பாருங்கள்.

மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலைப் பகுதி ஏறக்குறைய 8 அங்குல வட்டம். காட்டுக்குள் 150 கஜத்துக்கு மேல் சுடும் வாய்ப்பு பலருக்கு வருவதில்லை. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மருந்து நல்லது, எத்தனை கிரெயின்?

எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். இது கடைசியில் வரவேண்டிய கேள்வி. இந்த ரைஃபிளில் சிதறலுக்குக் காரணம் என் பார்வையில் முதலில் மரம், அடுத்து குழல் வாய், அடுத்து குண்டின் விட்டம், பிறகு உறை, எல்லாவற்றுக்கும் பின்னால்தான் மருந்து. ஆட்டம் கண்ட கட்டையில் வைத்துப் பன்னிரண்டு வகை மருந்தைச் சோதிப்பது பணத்தை நெருப்பில் போடுவதற்குச் சமம். இங்கே அது நிஜமாகவே நெருப்புதான்.

மரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ராணுவம் 4ஆம் எண் ரைஃபிளின் கட்டையைப் பொருத்திய விதம் ஒரு தனிக் கலை. முன்கட்டையின் நுனி, வாய்க்கு அருகே குழலைச் சில பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்கியிருக்கும். குழலின் அதிர்வை அந்தத் தாங்கல்தான் ஒழுங்குபடுத்தியது. வேட்டைக்காக முன்கட்டையை அறுத்தவர் அந்தத் தாங்கலையும் சேர்த்தே அறுத்துவிட்டார். இப்போது மெல்லிய குழல் ஒன்று, அறுபட்ட மரத்தின் விளிம்பில் ஒரு பக்கம் உரசியும் மறுபக்கம் உரசாமலும் நிற்கிறது. இரண்டு குண்டு சுட்டதும் குழல் சூடாகிறது. மூன்றாவது குண்டு வேறிடம் போகிறது. இதைத்தான் பலர் தோட்டாவின் குற்றம் என்று நினைக்கிறார்கள்.

முதலில் ஐந்து டாலர் நோட்டு ஒன்றைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் நுழைத்துப் பின்னோக்கி இழுத்து வாருங்கள். எங்கே சிக்குகிறது என்று பென்சிலால் குறியுங்கள். குழலின் அடியில், ரிசீவருக்கு (போல்ட் இயங்கும் எஃகுக் கூட்டுக்கு) முன்னால் தடித்திருக்கும் பகுதி மட்டும் மரத்தில் உறுதியாக அமர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள குழல் முழுவதும் எதையும் தொடாமல் நிற்கட்டும். அறுத்த கட்டைக்கு இந்த ஏற்பாடுதான் பெரும்பாலும் ஒத்துவருகிறது. சில மெலிந்த குழல்களுக்கு இது பிடிக்காது. அப்போது அறுபட்ட நுனியில் கார்க் துண்டோ தோல் துண்டோ வைத்துச் சிறிது மேல்விசை கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம்.

அடுத்தது, விசைக்காப்புக்கு முன்னால் இருக்கும் பெரிய திருகு. அது மரத்தின் ஊடாகப் போகும் இடத்தில் எஃகுக் குழாய்த்துண்டு ஒன்று இருக்க வேண்டும். திருகை இறுக்கும்போது மரம் நசுங்காமல் காப்பது அதுதான். வீட்டுப் பட்டறையில் கழற்றிப் பூட்டிய ரைஃபிள்களில் இந்தத் துண்டு காணாமல் போயிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது இல்லையென்றால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு டப்பா தோட்டா முடிவதற்குள் திருகு தளர்ந்துவிடும்.

கடைசியாக, பின்னுதைப்பை வாங்கும் இடம். ரிசீவரின் இரு தோள்களும் முன்கட்டையின் பின்பகுதியில் உள்ள இரண்டு மரப்பரப்புகளின் மேல் முட்டி நிற்கின்றன. எண்ணெய் ஊறி மென்மையாகி, அங்கே மரம் நசுங்கியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ, ஒவ்வொரு குண்டுக்கும் ரைஃபிள் கட்டைக்குள் நகரும். சேதமான மரத்தைக் கொத்தி எடுத்து, நாரோட்டம் சரியாக வரும்படி கடினமரத் துண்டுகளை எபாக்சியில் ஒட்டிச் செதுக்க வேண்டும். கை பழகாதவர்கள் துப்பாக்கித் தச்சரிடம் கொடுப்பது நல்லது.

குழல் வாய் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காது குடையும் பஞ்சுக்குச்சியைக் குழல் வாய்க்குள் விட்டு, விளிம்போடு உரசியபடி வெளியே இழுங்கள். சுற்றிலும் இப்படிச் செய்யுங்கள். எங்காவது ஒரு நார் பிய்ந்து விளிம்பில் தொங்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. வெளியேறும் குண்டின் பின்னால் வரும் வாயு அந்தப் பிசிறு இருக்கும் பக்கம் சமமில்லாமல் பீறிட்டு, குண்டின் வாலைத் தள்ளிவிடும். ராணுவ வீரர்கள் வாய்ப்பக்கமிருந்து துடைப்புக் கயிறு இழுத்ததால் தேய்ந்த வாயும் உண்டு. இரும்பு வாளால் அறுத்துவிட்டு அரத்தால் தேய்த்த வாயும் உண்டு. கடைசல் இயந்திரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை. குட்டையாக்கிய குழலில் இதைச் செய்யாமல் தோட்டா அடைக்கத் தொடங்காதீர்கள்.

எந்த விட்டத்துக் குண்டு வாங்குவது?

பெயரில் .303 என்று இருப்பது, குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய புரிகளுக்கு இடையிலான மேட்டின் விட்டம். குண்டு பிடிக்க வேண்டியது பள்ளத்தின் விட்டத்தை. அது பெயரளவில் 0.311 அல்லது 0.312 அங்குலம் என்றாலும், போர்க்கால அவசரத்தில் செய்த குழல்களில் 0.315 வரை போனவையும் உண்டு. கடையில் .308 குண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை அடைத்தால், குண்டு புரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். தாளில் ஓட்டை வட்டமாக விழாமல் சாவித் துவாரம்போல் நீண்டு விழும்.

எண்ணெய் தடவிய குழலில் மென்மையான ஈய உருண்டையை மரக்குச்சியால் தட்டித் தள்ளி வெளியே எடுத்து அளந்து பார்க்கலாம். இதில் ஒரு சங்கடம் உண்டு. வழக்கமான என்ஃபீல்டு குழலில் ஐந்து புரிகள். ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வரும். சாதாரண மைக்ரோமீட்டர் இங்கே பொய் சொல்லும். ‘வி’ வடிவத் தாங்கி உள்ள அளவுகோல் தேவை. அமெரிக்காவின் சேவேஜ் ஆலையும் லாங் பிராஞ்ச் ஆலையும் போர்க்காலத்தில் இரண்டே புரி வைத்துச் செய்த குழல்களை அளப்பது எளிது. இரண்டு புரிதானா என்று முகம் சுளிக்காதீர்கள், நன்றாகவே சுடுகின்றன.

ஹார்னடியின் 150 கிரெயின் குண்டும் 174 கிரெயின் உருண்டைமுனைக் குண்டும் 0.312 அங்குலம்; சியராவின் 150, 180 கிரெயின் வேட்டைக் குண்டுகள் 0.311. தளர்ந்த குழலுக்கு முதலில் 0.312. புரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் 174, 180 கிரெயின் நீளக் குண்டுகள் தயக்கமில்லாமல் நிலைபெறும். தொண்டை, அதாவது புரி தொடங்கும் இடம், தேய்ந்த குழல்களில் வால் குறுகிய குண்டுகளைவிடத் தட்டை அடிக் குண்டுகள் தாளில் நெருக்கமாகக் கூடுவதுதான் என் அனுபவம். புரியைப் பிடிக்கும் பக்கவாட்டுப் பரப்பு அவற்றில் அதிகம். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் உறைகள் இரண்டு மூன்று தடவையிலேயே அடியோடு அறுந்துவிடுகின்றன. ஏன்?

லீ-என்ஃபீல்டில் தோட்டா அடைப்பவர் எல்லாரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

.303 உறையின் அடியில் விளிம்பு உண்டு. சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள், தோட்டா எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பதை அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது. ராணுவம் சேம்பரை வேண்டுமென்றே தாராளமாகக் குடைந்தது. சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் தடையின்றி நுழைய வேண்டுமே. ஆகவே புதிய உறையை உள்ளே விட்டால் அதன் தோளுக்கு முன்னால் நிறைய இடம் காலியாக இருக்கும். சுடும்போது உறையின் மெல்லிய முன்பக்கம் ஊதிச் சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தடித்த அடிப்பக்கம் பிடிக்காது. போல்ட் முகத்தில் முட்டும்வரை பின்னால் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே பித்தளை இழுபட்டு மெலிகிறது. போதாக்குறைக்கு, இந்த ரைஃபிளின் போல்ட் பூட்டுகள் பின்பக்கம் இருக்கின்றன. அழுத்தத்தில் போல்ட்டும் ரிசீவரும் சற்று நெகிழ்ந்து இழுவையைக் கூட்டுகின்றன.

வீட்டுக்கு வந்து அந்த உறையை முழு அமுக்கு டையில் (உறை முழுவதையும் பழைய அளவுக்கு அமுக்கும் எஃகு அச்சில்) போட்டால், ஊதிய தோள் மறுபடி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அடுத்த முறை சுடும்போது மறுபடி இழுபடும். நான்காவது முறை அறுந்து, அடி மட்டும் வெளியே வந்து, மிச்சம் சேம்பரிலேயே மாட்டிக்கொள்ளும். காட்டில் மான் முன்னால் நிற்கும்போது இது நடந்தால் அன்றைய வேட்டை முடிந்தது.

செய்ய வேண்டியது: புதிய உறையை முதல்முறை சுடும்போது, உறையின் உடலில் விளிம்பை ஒட்டிப் பொருந்துகிற சிறிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டுங்கள். குழாய் வேலைக்கு விற்கும் ‘ஓ’ வளையமே போதும். போல்ட்டை மூடும்போது ரப்பர் நசுங்கி, உறையைப் போல்ட் முகத்தோடு அழுத்தி வைக்கும். மிதமான மருந்தோடு சுட்டால், அடி நகர இடமில்லாமல் தோள் முன்னால் ஊதிச் சேம்பரின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வளையம் முதல்முறைக்கு மட்டும்தான்.

அதன்பிறகு அந்த உறை உங்கள் ரைஃபிளுக்கே உரியது. கழுத்தை மட்டும் அமுக்குங்கள். தோள் சேம்பர் தோளில் முட்டி நிற்கும். விளிம்புக்கு வேலை இருக்காது. பலமுறை சுட்டபின் போல்ட் மூடக் கனத்தால், முழு அமுக்கு டையைச் சற்றே மேலே ஏற்றி வைத்து, போல்ட் இலகுவாக மூடும் அளவுக்கு மட்டும் தோளைத் தொடுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் தோட்டா ஒவ்வொன்றும் ரைஃபிளில் தடையில்லாமல் ஏறுகிறதா என்பதைச் சுடுகளத்தில், குழல் வாயை இலக்குத் திடல் பக்கம் திருப்பி வைத்துச் சோதித்துவிடுங்கள்.

அறுந்துபோகப் போகும் உறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். காகிதம் கோக்கும் கம்பியை நேராக்கி, நுனியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் செங்கோணமாக மடித்துக் கூராக்குங்கள். உறையின் வாய் வழியே விட்டு, உட்சுவரை அடியிலிருந்து மேலே வருடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் கம்பி நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால் அந்த உறை முடிந்தது. வெளியே அதே உயரத்தில் பளிச்சென்ற கோடு தெரிவதும் இதே செய்திதான். இடுக்கியால் நசுக்கிப் போடுங்கள், மறதியில் மறுபடி அடைத்துவிடாமல் இருக்க.

போல்ட் தலையில் 0, 1, 2, 3 என்ற எண் எதற்கு?

4ஆம் எண் ரைஃபிளில் போல்ட் தலை தனியாகக் கழலும். எண் கூடக்கூட நீளம் இம்மியளவு கூடும். தேய்ந்த ரைஃபிளின் ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட் முகத்துக்கும் உறை விளிம்பு அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, சரிசெய்ய ராணுவம் கண்ட வழி. வணிகத் தரப்படி அந்த இடைவெளி 0.064 முதல் 0.067 அங்குலம், ராணுவம் 0.074 வரை விட்டுக்கொடுத்தது. ராணுவ வரம்புக்குள் இருந்தால் மேலே சொன்ன ரப்பர் வளைய முறை போதும். வரம்பைத் தாண்டியிருந்தால் சுடவே கூடாது. இதை அளவிக் கட்டையால்தான் அறிய முடியும், கண்ணால் அல்ல.

சரி, இப்போதாவது மருந்தைப் பற்றிச் சொல்லலாமே?

நடுத்தர வேகத்தில் எரியும் மருந்துகள் .303-க்கு ஏற்றவை: ஐ.எம்.ஆர். 4895, எச்4895, ஐ.எம்.ஆர். 4064, வார்கெட். கனடாவின் நவம்பர் குளிரில் வேட்டையாடுபவருக்கு எச்4895, வார்கெட் இரண்டும் கூடுதல் வசதி. வெப்பநிலை மாறினாலும் வேகம் அதிகம் மாறாதபடி செய்யப்பட்டவை. செப்டம்பர் வெயிலில் குறிபார்த்துவிட்டு உறைபனியில் சுடுபவருக்கு இது பெரிய விஷயம்.

எத்தனை கிரெயின் என்பதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் வைத்திருக்கும் குண்டை, வைத்திருக்கும் மருந்தோடு சேர்த்து ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து வெளியிட்ட கையேட்டைப் பாருங்கள். முகம் தெரியாதவர் எழுதிய எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் அது உங்கள் முகத்துக்கு முன்னால்தான் வெடிக்கும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: அமெரிக்கத் தரநிலைப்படி .303-க்கு அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு. .308 வின்செஸ்டருக்கு 62,000. இரண்டும் ஒரே அளவுத் தோட்டாபோல் தெரிவதால், .303-ஐ .308 வேகத்துக்கு விரட்டலாம் என்று யாருக்காவது ஆசை வரும். அந்த ஆசைக்கு வேறு ரைஃபிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரைமரைப் பார்த்து அழுத்தத்தைக் கணிக்கலாம் என்கிறார்களே?

இந்த ரைஃபிளில் நம்பாதீர்கள். பிரைமர் தட்டையாகி, போல்ட் இறுகுகிற கட்டம் வருவதற்குள் வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி நம்பகமான துணை. கையேடு சொல்லும் உச்ச வேகத்தை, உங்கள் குழலின் நீளத்தைக் கணக்கில் கொண்டு, கையேட்டின் உச்ச மருந்துக்கு முன்பே எட்டிவிட்டீர்கள் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ராணுவத்தின் மார்க் 7 தோட்டா 174 கிரெயின் குண்டை நொடிக்கு 2,440 அடி வேகத்தில் அனுப்பியது. அந்த வேகத்தின் அக்கம்பக்கத்தில்தான் பல என்ஃபீல்டுகள் நன்றாகக் கூடுகின்றன.

படிப்படியாகச் சோதிப்பது எப்படி?

ஒரே குண்டு, ஒரே மருந்து, ஒரே நிறுவனத்து உறை, ஒரே பிரைமர். கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து அரை கிரெயின் படிகளாக ஏறுங்கள். படிக்கு மூன்று குண்டு சுட்டு, குழல் ஆறவிட்டு, அடுத்த படிக்குப் போங்கள். எந்தப் படி மிகச் சிறிய கூட்டம் தந்தது என்று தேடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு மூன்று படிகளில் குண்டுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் விழும் இடத்தைத் தேடுங்கள். அதன் நடுப்படிதான் உங்களுக்கு வேண்டியது. தராசு இம்மி பிசகினாலும், வெயில் கூடினாலும் குறி மாறாது.

அந்த அளவில் ஐந்து குண்டுக் கூட்டங்கள் சிலவற்றை வெவ்வேறு நாட்களில் சுடுங்கள். மூன்று குண்டுக் கூட்டம் ஏமாற்றும். ஒரே தோட்டா காலையில் முக்கால் அங்குலமும் மாலையில் இரண்டரை அங்குலமும் தருவதில் மாயம் எதுவும் இல்லை. மூன்று என்பது சிறிய எண், அவ்வளவுதான். நல்ல தாளைப் பணப்பையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப்போடும் பழக்கம் துப்பாக்கிக்காரர்களின் பொதுநோய்.

வேட்டைக்காரருக்கு இன்னொரு சோதனை இதைவிட முக்கியம். குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு எங்கே விழுகிறது? ஒரே தாளை எடுத்துவைத்து, களத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதல் குண்டை மட்டும் அதில் சுடுங்கள். சில தடவைகளுக்குப் பிறகு அந்தத் தாளில் தெரிவதுதான் மானுக்கு முன்னால் உங்கள் ரைஃபிளின் உண்மையான துல்லியம்.

குண்டை எவ்வளவு ஆழத்தில் பதிப்பது?

தோட்டாவின் மொத்த நீளம் 3.075 அங்குலத்துக்குள் இருந்தால் மேகஸினில் ஏறும். பழைய ராணுவத் தோட்டாக்களின் கார்டைட் மருந்து மிகச் சூடாக எரிந்ததால் பழைய குழல்களின் தொண்டை அரிக்கப்பட்டிருக்கும். குண்டு புரியைத் தொடும் தூரம் மேகஸின் நீளத்தைத் தாண்டிவிடும். ஆகவே நவீன ரைஃபிள்களில் செய்வதுபோல் பதிப்பு ஆழத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக நகர்த்தி விளையாட இங்கே இடமில்லை. மேகஸின் அனுமதிக்கும் நீளத்தில் பதித்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

மருந்தைக் குறைத்து மென்மையான தோட்டா அடைக்கலாமா?

அடைக்கலாம், ஆனால் அதற்கென்று வெளியிட்ட அளவுகளில் மட்டும். எச்4895-ஐக் கையேட்டின் உச்ச அளவில் 60 விழுக்காடு மிஞ்சும் வரை, அதற்குக் கீழே போகாமல், குறைக்கலாம் என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. தோள் வலிக்காமல் பழகவும் உறைக்கு வடிவம் கொடுக்கவும் நல்ல வழி. மெதுவாக எரியும் மருந்துகளை இப்படிக் குறைப்பது ஆபத்து. குண்டு குழலில் சிக்கி நின்றுவிட்டதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

தாத்தா காலத்து ராணுவத் தோட்டாவின் உறையை மறுபடி பயன்படுத்தலாமா?

உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பிரைமரைத் தள்ளி எடுக்கலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் அது பெர்டன் வகை; டையின் ஊசி உடையும். பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகிக் குழலில் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினான் பிரிட்டிஷ் சிப்பாய், அதுதான் சரி. தோட்டா அடைக்கப் புதிய உறை வாங்குங்கள்.

முழுக்கவசக் குண்டு மலிவாக இருக்கிறது. வேட்டைக்கு ஆகுமா?

ஆகாது, பல மாகாணங்களில் சட்டமும் தடுக்கிறது. விரியாத குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும், காயம்பட்ட மான் எங்கோ போய்ச் சாகும். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆலையில் 1890களில் முனை திறந்த .303 குண்டுகளைச் செய்ததும், போரில் அவ்வகைக் குண்டுகளை 1899 ஹேக் மாநாடு தடைசெய்ததும் தெரிந்த கதை. அந்தத் தடை மனிதர்மேல் சுடும் போருக்கு. விலங்கு விரைவாகச் சாக வேண்டும் என்பதால் வேட்டையில் நியாயம் நேர்மாறாகிறது.

என் ரைஃபிளில் இஷாப்பூர் முத்திரை இருக்கிறது. .303 தானே?

உறுதியில்லை. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலை .303 ரைஃபிள்களையும் செய்தது, 1960களில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கான 2ஏ, 2ஏ1 வகைகளையும் செய்தது. பின்னவற்றின் மேகஸின் பெட்டி கோணலில்லாமல் சதுரமாக இருக்கும். சேம்பரை வார்ப்பெடுத்து அளந்து பார்க்காமல் எதையும் அடைக்காதீர்கள். டி.பி. என்று முத்திரை குத்திய ரைஃபிள் அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது. அதைச் சுடவே கூடாது.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் செய்ய முடியுமா?

முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. .303 பொதுமக்களுக்கு அனுமதிக்கப்படாத அளவு. அதனால்தான் இந்திய ஆயுத ஆலைகள் என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 ரைஃபிள் செய்து விற்றன. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். கனடாவிலும் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். தோட்டா அடைப்பதும் மருந்தைச் சேமிப்பதும் வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்டவை.

மாற்றப்படாத முழு ராணுவ ரைஃபிள் கிடைத்திருக்கிறது. கட்டையை அறுத்து வேட்டைக்கு ஆக்கலாமா?

வேண்டாம். ஏற்கெனவே அறுபட்டவை வேண்டிய மட்டும் கிடைக்கின்றன.

தோட்டா தயார். மேகஸினில் போட்டால் சிக்குகிறதே?

விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொள்கின்றன. மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு எப்போதும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் போல்ட் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து வரும். மேகஸினில் பத்து அடங்கும் என்றாலும் வேட்டைக்கு ஐந்து போதும். பத்தையும் திணித்தால் கீழே உள்ளவை சரிந்து மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். ஐந்தையும் போட்டு, சுடுகளத்தில் வைத்தே போல்ட்டைத் தயங்காமல், ஒரே வீச்சில் பின்னுக்கும் முன்னுக்கும் இயக்கிப் பழகுங்கள். மெதுவாகத் தள்ளினால்தான் இது அடம்பிடிக்கும்.